எட்டாம் லயத்து அச்சாறும் என் முதல் வழக்கும்

இரண்டு வருடங்களுக்கு முன், வைகாசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. தெஹியோவிட்ட பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே இருக்கும், போன் பேசவும் பிரதி எடுக்கவும் ஆட்கள் வருகிற ஒரு கொமியுனிகேஷன் கடையின் பின்னறையில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, ஆறிப்போன பிளேன்டீ. வெளியே சுவரில் என் பலகை. பெயருக்குக் கீழே ‘சட்டத்தரணி’, அதற்கும் கீழே ‘புலமைச் சொத்துச் சட்டம்’ என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா மூன்றாம் வகுப்பு வரை போனார். அம்மா அதுவும் இல்லை. இருவரும் ஊருக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள். அந்தத் தோட்டத்திலிருந்து சட்டக் கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லும்போது நான் குரலைத் தாழ்த்துவதில்லை.

வார நாட்களில் அவிசாவளையில் ஒரு மூத்த சட்டத்தரணியிடம் வேலை. காணி, விவாகரத்து, காசோலை என்று நாள் ஓடிவிடும். ஆனால் என் மனம் படிக்கும் காலத்திலேயே வேறு பக்கம் போயிருந்தது. ஒரு பெயர், ஓர் அடையாளம், ஒரு பாட்டு, ஒரு புதுக் கருவி, இப்படி மனிதர்கள் தங்கள் மூளையால் உண்டாக்குகிறவை யாருக்குச் சொந்தம் என்று பார்க்கிற சட்டம் அது. கொழும்பில் பெரிய பெரிய அலுவலகங்கள் நடத்துகிற தொழில். அதைத் தெஹியோவிட்டவில், சனி மாலையும் ஞாயிறும் மட்டும், தனியாளாக நடத்திப் பார்ப்போமே என்று நான் கிளம்பினேன்.

என் சீனியர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர், ஆனால் வாய் சும்மா இருக்காது. “பிள்ளை, தோட்டத்துக்குள்ள ரப்பரும் அட்டையும்தானே கிடக்குது. அங்க ஆருக்கு உந்தச் சட்டம் வேணும்? ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டில நித்திரை கொள்ளும்” என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் முதல் சில மாதங்கள் காட்டின. வந்தவர்கள் கடவுச்சீட்டு விண்ணப்பம் நிரப்பக் கேட்டார்கள். ஒருவர் பக்கத்து வீட்டுக் கோழி தன் கீரைப்பாத்தியைக் கிளறுவதாக முறைப்பாடு கொண்டுவந்தார். எனக்கு அறையை வாடகைக்குக் கொடுத்த கடைக்காரப் பெண் சிங்களவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அக்கே என்பேன், அவர் என்னை நங்கி என்பார். ஒவ்வொரு வாரமும் அந்தப் பலகையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். “அனே நங்கி, போர்ட்ல காணி, டிவோர்ஸ் ரெண்டும் போடுங்க. இல்லாட்டி நாம ரெண்டு பேரும் இப்பிடியே டீ குடிச்சிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்.”

அந்த ஞாயிறும் அப்படித்தான் போகும் என்று நினைத்திருந்தபோது, தலையில் பொலித்தீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓர் அக்கா உள்ளே வந்தார். கையில் கனமான ஒரு கூடை. எங்கள் தோட்டத்துக் கீழ்ப்பிரிவுக்காரர். அவரை நான் கோயிலில் பார்த்திருக்கிறேன், பேசிப் பழக்கமில்லை. கூடையிலிருந்து, புளிப்பு வெரளிக்காயை மிளகாய் போட்டுப் பிசைந்த அச்சாறுப் போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து என் மேசையில் வைத்தார். அதற்குப் பிறகுதான் ஒரு கடிதத்தை நீட்டினார்.

“தங்கச்சி, இது இங்கிலீசுல இருக்கு. படிச்சவங்க ரெண்டு பேருகிட்ட காட்டினேன். ஒருத்தர் பயப்படாதீங்கன்னாரு. ஒருத்தர் ஓடிப்போயிருங்கன்னாரு. நீங்க என்னா சொல்லுறீங்க?”

கடிதம் ஒரு கொழும்பு சட்டத்தரணியிடமிருந்து வந்திருந்தது. ‘எட்டாம் லயம்’ என்ற பெயர் தன் கட்சிக்காரரான வியாபாரிக்குச் சொந்தம், அந்தப் பெயரில் அச்சாறு விற்பதை உடனே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு என்று எழுதியிருந்தது.

நான் போத்தல்களைத் திருப்பிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ‘எட்டாம் லயம்’.

அக்கா கதையைச் சொன்னார். கீழ்ப்பிரிவில் ஓடையைத் தாண்டி ஒதுக்குப்புறமாக இருக்கிறது எட்டாம் நம்பர் லயம், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற ஒரு வரிசை வீடு. அங்கேதான் அவருடைய வீடு. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை. எங்கள் பக்கத்தில் மழைக்குக் குறைவில்லை என்பதால், அந்த நாட்களில் அவர் அச்சாறு போட்டு பஸ் வழியில் விற்க ஆரம்பித்தார். பஸ் கண்டக்டர்கள், “அந்த எட்டாம் லயத்து அக்கா அச்சாறு இருக்கா?” என்று கேட்கப் போய், அதுவே பெயராகிவிட்டது. பிறகு ஒரு வியாபாரி மொத்தமாக வாங்கிக்கொண்டுபோய்த் தன் கடையில் விற்றார். விற்பனை ஏறியது. அந்த நம்பிக்கையில் அக்கா தோட்ட வேலையை விட்டு நின்றார். இப்போது அவரோடு இன்னும் மூன்று பெண்கள் வேலை செய்கிறார்கள். இதற்கிடையில் வியாபாரி வாங்குவதை நிறுத்திவிட்டு, அதே பெயரில் தானே அச்சாறு போட்டு விற்கத் தொடங்கிவிட்டார்.

“நிப்பாட்டச் சொன்னா நான் எங்க போறது? திரும்பப் பெரட்டுக்குப் போயி, என் பேர எழுதிக்கங்கன்னு நிக்கணும். அந்த மூணு புள்ளைகளும் என் பின்னாடியே வந்து நிக்கும்” என்றார் அக்கா. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்களத்தில், விட்ட வேலைக்குத் திரும்ப நிற்பது எப்படி இருக்கும் என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நான் மடிக்கணினியைத் திறந்தேன். ஒரு பெயரைப் பதியக் கேட்டால் அதை அரசிதழான வர்த்தமானியில் வெளியிடுவார்கள். எதிர்ப்பு இருப்பவர்கள் குறித்த காலத்துக்குள் சொல்ல வேண்டும். அந்த வியாபாரியின் விண்ணப்பம் வெளியாகியிருந்தது. எதிர்ப்புச் சொல்லும் காலம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

“அக்கா, ஓடவும் வேணாம், நிப்பாட்டவும் வேணாம். நாம எதிர்ப்போம்” என்றேன்.

இந்தச் சட்டத்தில் அதுதான் என் முதல் வழக்கு.

சட்டம் எங்கள் பக்கம் இருந்தது. ஒருவர் ஏற்கெனவே பயன்படுத்தி வருகிற பெயரை, அது தெரிந்தே இன்னொருவர் தன் பெயரில் பதிய முடியாது. அதற்கு நான் இரண்டு விஷயங்களைக் காட்ட வேண்டும். அக்கா முதலில் பயன்படுத்தினார் என்பது ஒன்று. அது வியாபாரிக்குத் தெரியும் என்பது மற்றது.

“பழைய லேபல் ஏதாவது இருக்கா அக்கா?”

“அவருதான் புதுசா கலர்ல அடிச்சுத் தாறேன்னு பழசெல்லாத்தையும் வாங்கிட்டுப் போனாரே. போத்தல்ல ஒட்டியிருந்ததையும் சுரண்டிக் குடுத்துட்டேன்.”

“பில்லு?”

“அவரு வேன்ல வந்து ஏத்திக்கிட்டுப் போவாரு. பில்லு ஏது?”

“போன்ல படம்?”

“அந்தப் போன் ஓடையில போச்சு தங்கச்சி.”

கடைக்கார அக்கே இதையெல்லாம் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “ஹரி நங்கி. முதல் கேஸே சுத்தமான கேஸ். ஒண்ணுமே இல்ல” என்றார்.

எதிர்ப்பை எழுதி, குறித்த காலத்துக்குள் கொழும்புக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சீனியரிடம் லீவு கேட்டபோது, “அச்சாறு வழக்கோ?” என்று கேட்டுச் சிரித்தார். அன்று முதல் அலுவலகத்தில் எனக்குப் பெயர் அச்சாறு. “அச்சாறு வந்திட்டுதோ?” என்று கேட்டுக்கொண்டுதான் கோப்புகளைத் தள்ளுவார். நானும், வந்துட்டேன் ஐயா என்பேன்.

சில மாதங்களுக்குப் பிறகு வியாபாரியின் பதில் வந்தது. தடித்த கட்டு. சத்தியக்கடதாசியில் அவர் சொன்னது சுருக்கமாக இதுதான்: அந்தப் பெயரைத் தானே உருவாக்கினார். தன் ஆட்களைக் கொண்டு தானே அச்சாறு தயாரித்து விற்றார். இந்தப் பெண்ணிடமிருந்து ஒரு போத்தல்கூட வாங்கியதில்லை. பால் வெட்டிக்கொண்டிருந்தவர், தோட்ட வேலையை விட்ட பிறகு தன் பெயரைப் பார்த்துத் திருடிக்கொண்டார்.

அதற்குச் சாட்சியாக ஒரு புகைப்படம் இணைத்திருந்தார். அவருடைய கடைத் திறப்பு விழா. பின்னால் திகதி போட்ட பதாகை. அக்கா வேலையை விடுவதற்கு நெடுநாள் முந்திய திகதி. முன்னால் மாலையோடு அவர். பக்கத்துத் தட்டில் வரிசையாக ‘எட்டாம் லயம்’ போத்தல்கள்.

அவை அக்கா கொடுத்த போத்தல்களாகவே இருக்கலாம். ஆனால் லேபலில் ஊர் இல்லை, செய்தவர் பெயர் இல்லை. யார் செய்தது என்று எப்படிக் காட்டுவது? படத்தைக் கணினியில் பெரிதாக்கி, மூலை மூலையாகப் பார்த்துக்கொண்டே போனேன்.

அப்போதுதான் மூடிகள் கண்ணில் பட்டன. இப்போது அக்கா விற்கும் போத்தல்களுக்குத் திருகு மூடி இருக்கிறது. படத்தில் இருந்தவற்றின் வாயைத் துணியால் மூடி நூலால் கட்டியிருந்தது. மஞ்சள் துணி. சிலவற்றில் ஓரமாகப் பச்சைக் கரை தெரிந்தது, சிலவற்றில் நீலக் கரை.

அந்த மஞ்சளை எனக்குத் தெரியும்.

நான் சட்டக் கல்லூரியில் கடைசி வருடம் படித்தபோது எங்கள் தோட்டத்து அம்மன் கோயில் திருவிழா வந்தது. பால்குடம் எடுக்கிற பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரிச் சேலை கட்டுவது எங்கள் வழக்கம். கோயில் கமிட்டி ஒரே கட்டாக எடுத்துத் தரும். அந்த வருடம் வந்த கட்டில் ஒரு கோளாறு. சேலை மஞ்சள், சரி. ஆனால் ஒரு பக்கக் கரை பச்சை, மறுபக்கக் கரை நீலம். நெய்த இடத்தில் யாரோ தூங்கிவிட்டார்கள் போல. திருப்பி அனுப்ப நேரமில்லை. அம்மனுக்கு ரெண்டு கரையும் பிடிக்கும் என்று சொல்லி எல்லோரும் கட்டிக்கொண்டார்கள். அந்த வருடம் லீவில் வந்திருந்த நானும் கட்டினேன். பச்சையை மேலே விடுவதா நீலத்தை மேலே விடுவதா என்று லயத்தில் ஒரு மணி நேரம் சண்டை நடந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

உடனே அக்காவுக்குப் போன் போட்டேன்.

“அக்கா, முன்னாடி போத்தலுக்குத் துணி கட்டினீங்களே, அது என்னா துணி?”

“அது... ஏதோ பழைய துணி தங்கச்சி.”

“பால்குடத்துச் சேலைதானே?”

அக்காவுக்கு வந்ததே கோபம். “யாரு சொன்னா? அதுக்குத்தான் கோயில்ல வச்சு மன்னிப்பும் கேட்டாச்சு, தேங்காயும் உடைச்சாச்சு. இன்னும் விட மாட்டீங்களா நீங்கள்லாம்? லோயரா இருந்துக்கிட்டு நீங்களுமா?”

அவரைச் சமாதானப்படுத்தி விஷயத்தை வாங்க நேரம் எடுத்தது. முதல் முதலாகப் போத்தலில் அடைத்து விற்றபோது அவரிடம் மூடி இல்லை. பழைய ஜாம் போத்தல்களைக் கழுவிக் காயவைத்திருந்தார். வியாபாரி கடைத் திறப்புக்கு நிறையப் போத்தல் வேண்டும் என்று அவசரப்படுத்தினார். கையில் இருந்த ஒரே புதுத் துணி, அந்த மாதம் திருவிழாவுக்குக் கட்டிய சேலை. சத்தமில்லாமல் வெட்டிவிட்டார். ஆனால் லயத்தில் எது சத்தமில்லாமல் நடக்கும்? சாமிக்குக் கட்டின சேலையை அச்சாறுப் போத்தலுக்கு வெட்டினாள் என்று பெரிய கலவரமாகிவிட்டது. பெண்கள் கூடித் திட்டினார்கள். அவர் கோயில் முன்னால் மன்னிப்புக் கேட்டார். அதோடு துணி மூடியை விட்டுவிட்டு, கடன் வாங்கித் திருகு மூடிப் போத்தல் வாங்கினார். இந்த வெட்கத்தினால்தான் என்னிடம் இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அவர் தப்பு என்று மறைத்து வைத்திருந்ததுதான் எங்களுடைய சாட்சி. எந்த மாதத்தில் அவர் அச்சாறு விற்றார் என்று சொல்ல ஒரு தோட்டமே இருந்தது, ஏனென்றால் ஒரு தோட்டமே அவரைத் திட்டியிருந்தது!

அந்தச் சேலையை நானும் கட்டியவள்தான். ஆனால் வழக்கு நடத்துகிறவளே சாட்சி சொல்லக்கூடாது. என் அம்மாவைக் கூப்பிடுவதும் முறையில்லை. அதனால் அடுத்த ஞாயிறு அக்காவோடு எட்டாம் லயத்துக்குப் போனேன். சேலையை வெட்டிய அன்று எல்லோரையும்விட அதிகமாகத் திட்டியவர் அங்கே ஒரு பெரியம்மா. அன்றிலிருந்து அக்காவும் அவரும் பேச்சில்லை. இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறார்கள். அக்கா வாசலில் நின்றுவிட்டார். நான் உள்ளே போனேன்.

பெரியம்மா நான் சொன்னதையெல்லாம் கேட்டார். வாசலில் நிற்கிறவரைப் பார்க்கவே இல்லை. “அப்ப அந்த வியாபாரி, நம்ம லயத்துப் பேர அவன் பேருன்னு சொல்லுறானா?”

“ஆமா பெரியம்மா.”

“இங்க ஒரு ராத்திரி படுத்திருப்பானா அவன்? கூரை ஒழுகுறது தெரியுமா அவனுக்கு?” என்றவர், என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். “நான் இவளத் திட்டினதையும் எழுதணுமா?”

“அதுதான் ரொம்ப முக்கியம்.”

“அப்ப நல்லா எழுது. சாமிய ஏமாத்துற கைகாரின்னு சொன்னேன், எழுதிட்டியா? இன்னும் ரெண்டு வார்த்தை இருக்கு. அது கோர்ட்டுக்கு ஆகாது. ஆனா சொன்னேன்னு மட்டும் போட்டுக்க.” பிறகு வாசல் பக்கம் திரும்பாமலேயே குரலை உயர்த்தினார். “மழையில நிக்கிறா பாரு. உள்ள வரச் சொல்லு. சாட்சி சொல்லுறதுக்கு முன்னாடி செத்துகித்து வைக்கப் போறா.”

அக்கா உள்ளே வந்தார். பெட்டியிலிருந்து எதையோ கொண்டுவந்திருந்தார். செய்தித்தாளில் சுற்றிய ஒரு மஞ்சள் துணி. வெட்டியது போக மீதிச் சேலை. இரண்டு கரையோரமும் சதுரம் சதுரமாகத் துண்டுகள் இல்லாமல், கடித்துத் தின்ற மாதிரி இருந்தது.

“சாமி சேலை, வீசவும் பயமா இருந்திச்சு. கட்டவா முடியும்? அடியில போட்டு வச்சிட்டேன்” என்றார்.

பெரியம்மா அதை விரித்துப் பார்த்துவிட்டு, “வெட்டினதுதான் வெட்டின, நேரா வெட்டத் தெரியலையே உனக்கு” என்றார். அவ்வளவு காலத்துக்குப் பிறகு அக்காவிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். இருவரும் சிரித்துவிட்டார்கள்.

விசாரணை நாள் வந்தது. விடியும் முன்னே பஸ் ஏறி அவிசாவளை, அங்கிருந்து கொழும்பு. நான் கறுப்புக் கோட்டைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு தெஹியோவிட்ட பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது அவர்கள் தோட்டத்திலிருந்து இறங்கி வந்தார்கள். அக்காவோடு பெரியம்மாவும், அந்த வருடம் பால்குடம் எடுத்த இன்னும் மூன்று பெண்களும். அக்கா தவிர மற்ற நான்கு பேரும் அந்த மஞ்சள் சேலையைக் கட்டியிருந்தார்கள். நான் கட்டச் சொல்லவில்லை. கையில் கொண்டு வாருங்கள் என்றுதான் சொல்லியிருந்தேன்.

“கையில தூக்கிட்டு வந்தா கசங்கிப் போகும்ல” என்றார் பெரியம்மா.

புலமைச் சொத்து அலுவலகத்தின் குளிரூட்டிய அறைக்குள் நாங்கள் ஆறு பேரும் நுழைந்தபோது, எதிர்த்தரப்பு மேசையில் இரண்டு சட்டத்தரணிகள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் என் பின்னால் வந்த மஞ்சள் வரிசையைப் பார்த்துவிட்டுத் தன் உதவியாளரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். எனக்கு உதவியாளர் இல்லை. என் கோப்பு ஒரு துணிப்பையில் இருந்தது. அதை எடுத்து மேசையில் விரித்து வைத்தேன்.

விசாரணை சிங்களத்தில் நடந்தது. எங்கள் பக்கத்தில் தமிழர் குறைவு. நாங்கள் கடையிலும் பஸ்ஸிலும் சிங்களம் பேசியே வளர்ந்தவர்கள். நீதிமன்றச் சிங்களமும் எனக்குப் பழகியதுதான். விசாரணை செய்த அதிகாரி ஓர் அம்மணி. நெற்றியில் ஒரு சுருக்கம் விழாமல் எல்லாவற்றையும் கேட்டார்.

வியாபாரியை நான் கேள்வி கேட்கும் முறை வந்தது.

பெயர் எப்படி வந்தது என்று கேட்டேன். எட்டு வகைச் சேர்மானம் போடுவதால் வைத்தது என்றார்.

“லயம்?” என்று அதிகாரி அம்மணியே கேட்டார்.

“சும்மா சேர்த்தது. கேட்க நல்லா இருக்குமென்று.”

பெரியம்மா பின்னால் இருமினார். நான் திரும்பவில்லை.

புகைப்படத்தைக் காட்டினேன். இந்தப் போத்தல்களை அடைத்தது யார்? தன் ஆட்கள், தன் இடத்தில் என்றார். மூடித் துணியும் உங்கள் ஆட்கள் கட்டியதா? ஆமாம், அது புறக்கோட்டையில் வாங்கிய துணி. சிலதில் பச்சைக் கரை, சிலதில் நீலக் கரை இருக்கிறதே? கொஞ்சமும் தயங்கவில்லை அவர். “அது ரெண்டு வகைத் துணி. தனித்தனியா வாங்கினோம். கலந்து கட்டினா பார்க்க அழகா இருக்கும்.”

“நிச்சயமாக இரண்டு வேறு துணியா?”

“நிச்சயமா. நான்தானே வாங்கினேன்.”

அந்தப் பதில் எழுதி முடியும்வரை காத்திருந்தேன். பிறகு பெரியம்மாவை எழுந்து நிற்கும்படி கேட்டேன். அவர் எழுந்தார். முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் நீலம். ஒரே துணி. மற்ற மூவரும் சொல்லாமலேயே எழுந்து அதையே செய்தார்கள். கடைசியில் அக்கா பையிலிருந்து அந்த வெட்டுப்பட்ட சேலையை எடுத்து, அதிகாரி அம்மணியின் மேசையில் விரித்தார். இரண்டு கரையிலும் சதுரச் சதுரமாக இல்லாமல்போன துண்டுகள்.

அதிகாரி அம்மணி புகைப்படத்தைக் கையில் எடுத்துச் சேலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதல் தடவையாக அவர் நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது. அது வியாபாரியைப் பார்த்து விழுந்தது.

எதிர்த்தரப்பு மூத்தவர் எழுந்து, இப்படிச் சேலை நாட்டில் எத்தனையோ இருக்கலாம் என்றார். நான் பெண்களின் சத்தியக்கடதாசிகளையும், திருவிழாவில் அவர்கள் வரிசையாக நிற்கிற படத்தையும் காட்டினேன். திருவிழா நடந்ததும் கடை திறந்ததும் ஒரே மாதம். பெரியம்மா சாட்சி சொல்லும்போது, எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று அந்த மூத்தவர் கேட்டார்.

“மாத்தயா, ஊரே கூடி ஒருத்தியத் திட்டின நாள் மறக்குமா? நீங்க உங்க வீட்டம்மாகிட்டத் திட்டு வாங்கின நாளு உங்களுக்கு ஞாபகம் இல்லையா?”

அதிகாரி அம்மணி தலையைக் குனிந்து எதையோ எழுதினார். அவர் சிரிப்பை மறைத்தார் என்று நான் சத்தியம் செய்வேன். மூத்தவர் உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பு வர மாதங்கள் ஆயின. அது வந்தபோது நான் அவிசாவளை அலுவலகத்தில் இருந்தேன். வியாபாரியின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பெயரை முதலில் பயன்படுத்தியவர் அக்கா, அது தெரிந்தே வியாபாரி விண்ணப்பித்தார் என்று தெளிவாக எழுதியிருந்தது. நான் அதை மூன்று முறை வாசித்தேன். சீனியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரை வாசித்தார். சிரிக்கவில்லை.

“எதிர்ப்பக்கம் நிண்டவர் ஆரெண்டு உமக்குத் தெரியுமே?” என்றார். பெயருக்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. “எனக்குத் தெரியும். நான் அவரிட்ட ரெண்டு தரம் தோத்தனான்.” தீர்ப்பை என்னிடம் திருப்பித் தந்துவிட்டு, போகிற போக்கில் சொன்னார், “என்ர மச்சான் ஒருத்தன் நிவித்திகலவில தேயிலை பைக்கற் போடுறான். அவனுக்கும் உந்தப் பேர்ப் பிரச்சினை இருக்குது. ஞாயிற்றுக்கிழமை அனுப்பட்டே?”

அன்று மாலையே எட்டாம் லயத்துக்குப் போனேன். அக்காவும் அந்த மூன்று பெண்களும் ஒரு பெரிய பேசினில் அச்சாறு பிசைந்துகொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். அக்கா எழுந்து என்னைக் கட்டிக்கொள்ள வந்தவர், பாதியில் நின்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டார். முழங்கை வரை மிளகாய்.

“கட்டிப்புடிச்சா நீங்க கண்ணெரிஞ்சு கத்துவீங்க தங்கச்சி” என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. கண்ணைத் துடைக்கவும் முடியாமல், கைகளை மேலே தூக்கியபடியே நின்றார். நான் என் துப்பட்டாவால் துடைத்துவிட்டேன். சத்தம் கேட்டு வந்த பெரியம்மா, “அழுதது போதும். அச்சாறுல கண்ணீர் விழுந்தா உப்பு கூடிப் போகும்” என்றார்.

இப்போது ‘எட்டாம் லயம்’ என்ற பெயர் முறைப்படி அக்காவின் பெயரில் பதிவாகியிருக்கிறது. சான்றிதழைக் கொடுத்த நாளில் அவர் அதைப் பார்த்துவிட்டு, யோசனையாகக் கேட்டார், “தங்கச்சி, இந்தப் பேர நான் யாருக்கும் விக்க வேணாம்தானே? என் மக கையில குடுக்கலாம்தானே?” கொடுக்கலாம் அக்கா என்றேன். தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்துக்குச் சொந்தமான ஒற்றை அறைக் காம்பராவில் குடியிருந்த ஒரு குடும்பத்தில், மகளுக்கு விட்டுப்போக ஒரு சொத்து இருக்கிறது என்று சொன்ன முதல் சட்டத்தரணி நான்தான்.

என் பின்னறைக்கு இப்போது ஆட்கள் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கார அக்கே எனக்காக டோக்கன் கொடுக்கிறார், கேட்டால், கூட்டம் நங்கி, கூட்டம் என்கிறார். ஒவ்வொருவரும் தங்கள் கோப்பைத் திறக்கும்போது நான் அவர்களிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: சொல்ல வெட்கப்பட்டு ஏதாவது விட்டுவிட்டீர்களா?

சட்டத்தை நான் கொழும்பில் படித்தேன், இரண்டு கரையும் வேறு வேறான அந்தச் சேலையை என் தோட்டத்தில் கட்டினேன். இரண்டையும் அறிந்த ஒருத்தியாக அந்தக் குளிர்ந்த அறைக்குள் மஞ்சள் வரிசைக்கு முன்னால் நடந்துபோன காலையை நினைக்கும்போதெல்லாம், இன்றும் என் முதுகு தானாக நிமிர்கிறது.